கத்தரி படாத முடி

தலைமுடியில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். வெந்நீர் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. ஐஸ் வைத்தால் கொஞ்சம் வரும். நல்லெண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டில் ஊற்றி, ஒவ்வொரு முடியாக உருவினால் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சம் கால்வாசி இருக்கிறதே, அதில்தான் நான் இன்னும் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. காரைக்குடியில் எங்கள் வீட்டை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அரண்மனை என்பார்கள். அந்த அரண்மனையில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறையும் ஓர் அடுப்பும்தான். மற்றதெல்லாம் பங்காளிகளுக்கு. எங்கள் வீடுகளில் அம்மாவை ஆத்தா என்போம், அப்பாவை அப்பச்சி என்போம். அப்பச்சி பினாங்கில் வேறொரு செட்டியாரின் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து போவது வழக்கம். அந்தத் தடவை ஐந்து வருஷம் ஆகியும் வரவில்லை. தங்கைக்கு அவர் முகம் படத்தில் பார்த்துத்தான் தெரியும்.

இடையில், எனக்கு ஒன்பது வயதில், ஒரு கடிதம் வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். கடிதத்தைப் படிக்கக் கேட்ட ஆத்தா, மறுநாள் காலையே எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு குன்றக்குடிக்கு பஸ் ஏறினாள். மலைப்படி ஏறி, சன்னதியில் நின்று, பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டாள்.

"முருகா, அவுக உசுரோட ஊர் வந்து சேரட்டும். சின்னவ முடியை முழுசா உனக்கு இறக்குறேன். அதுவரைக்கும் அதுல கத்தரி படாது. இது சத்தியம்."

என் முடியை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அங்கேயே சுருக்கென்றது. காரணம் எனக்கும் தெரிந்ததுதான். என்னுடையது எலி வால். அவளுக்கு அந்த வயதிலேயே இடுப்பைத் தொடும், ஒரு கையில் அடங்காது. சாமிக்குக் கொடுப்பதென்றால் நல்லதைத்தானே கொடுப்பார்கள். அன்றிலிருந்து அந்த முடிக்கு நடந்த ராஜ உபசாரம் இருக்கிறதே! வெள்ளிக்கிழமை எண்ணெய், சீயக்காய், சாம்பிராணி. சீப்பில் ஒரு முடி வந்தாலும் ஆத்தா முகம் சுண்டிவிடும். அப்பச்சி வருவதும் அந்த முடி வளர்வதும் அவளுக்கு ஒன்றாகவே ஆகிவிட்டன.

எனக்குக் காலையில் ஐந்து நிமிஷம். முழங்காலுக்கு நடுவில் இறுக்கி உட்காரவைத்து, "ஆடாதடி மூதேவி" என்று உச்சியில் ஒரு குட்டு வைத்து, இழுத்துப் பின்னிவிடுவாள். நாள் முழுவதிலும் ஆத்தாவின் கை என்மேல் படுகிற நேரம் அந்த ஐந்து நிமிஷம்தான். குட்டோடு சேர்த்து எனக்கு அது வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொல்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தது. பினாங்கிலிருந்து தேவகோட்டைக்குத் திரும்பிய ஒருவர், அப்பச்சி கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு துண்டு, ஒரு முகப்பவுடர் டப்பா, வெள்ளிக்காகிதம் சுற்றிய சூயிங்கம் ஒரு கட்டு. நாங்கள் அதுவரை அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

"உடம்பு தேவலை ஆச்சி. அடுத்த கப்பலுக்கு வந்துருவாக," என்றார் அவர். எங்களைப் பார்த்து, "இதை மெல்லத்தான் செய்யணும் தாயி, முழுங்கக் கூடாது," என்றார்.

அவர் போன பிறகு ஆத்தா வெகுநேரம் அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். தங்கை இரண்டு கடி கடித்து முழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைத்துவிடும் என்று ஒரு மணி நேரம் அழுதாள். நான் அப்படிச் செய்வேனா? எனக்கு அது மூன்று நாள் வரவேண்டும். மெல்வேன், சாப்பிடும் நேரத்தில் எடுத்து எங்காவது ஒட்டிவைப்பேன், மறுபடி மெல்வேன். இனிப்பெல்லாம் முதல் நாளே போய்விட்டது. இருந்தாலும் அப்பச்சி வாங்கி அனுப்பியது இல்லையா, துப்ப மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்த வெயிலில் எல்லோரும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வெறும் தரையில் படுத்துக் கிடப்போம். ஆளுக்கு ஒரு மரத் தலையணை. என்னுடையதன் விளிம்பில் சூயிங்கத்தை ஒட்டிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தங்கை உருண்டு வந்து அதில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அவளை எழுப்பச் சோம்பல்பட்டு நான் தள்ளிப் படுத்துக்கொண்டேன். ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருந்தால் போயிற்று.

"அடிப் பாவிகளா!" என்ற ஆத்தாவின் சத்தத்தில்தான் நான் விழித்தேன். தங்கையின் பின்கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, வேரோடு ஒட்டி, வெயில் சூட்டில் இளகி, சூயிங்கம் பற்றிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று ஆத்தா கேட்கவே இல்லை. முழுங்கியவள் ஒருத்தி, வைத்திருந்தவள் ஒருத்தி. முதுகில் விழுந்த அடியில் எனக்கு மூச்சு நின்று வந்தது.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். பக்கத்து அடுப்புக்காரி எங்கள் சின்னாத்தா, அதாவது அப்பச்சியின் தம்பி மனைவி, ஓடிவந்து பார்த்தாள்.

"வெந்நியை ஊத்தி சீயக்காயை அப்புவோம் ஆச்சி, பிசுக்குத்தானே, போயிரும்."

பிசுக்காவது போவதாவது! வெந்நீர் பட்டதும் அது பாகு மாதிரி இழுபட்டது. ஒரு விரல் அகலம் இருந்தது நாலு விரல் அகலமானது. சீயக்காய்த் தூளும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. தங்கை கண்ணில் சீயக்காய் போய் வீரிட்டாள்.

அப்போது தண்ணீர் எடுத்துவந்து ஊற்றும் அம்மாள் குடத்தோடு உள்ளே வந்தாள். "தாரு ஒட்டுனா மண்ணெண்ணெய்லதான் போகும் ஆச்சி. இதுவும் அது மாதிரிதானே," என்றாள். துணியில் நனைத்துத் தேய்த்தார்கள். கழுத்துத் தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். பிள்ளை காலை உதறிக்கொண்டு, "விட்ருங்க ஆத்தா, விட்ருங்க ஆத்தா," என்று கெஞ்சினாள். வீடே மண்ணெண்ணெய் நாற்றம்.

"பத்து முடி, இருவது முடி. நறுக்குனு கத்தரிச்சு விட்டுட்டா என்ன ஆச்சி?" என்றாள் சின்னாத்தா. நியாயமான பேச்சுத்தான். வேறு எந்த வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆத்தா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அவள் பார்த்து நான் அறிந்ததில்லை. "அவுக அடுத்த கப்பல்ல வாராகடி! ரெண்டு வருஷமாக் காத்து வச்சதை, இன்னைக்குப் போயி கத்தரி வைக்கச் சொல்றியே, நல்லாருக்கா உனக்கு? அதுவும் செவ்வாக்கெழமை!" என்றாள்.

தெருவில் குச்சி ஐஸ்காரர் பெட்டியைத் தட்டிக்கொண்டு போனார். குளிர்ந்தால் இறுகும் அல்லவா என்று எனக்குத்தான் தோன்றியது. ஓடிப் போய் இரண்டு வாங்கிவந்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். சிவப்புச் சாயம் கழுத்தில் ஒழுகி, சட்டை முழுக்க இரத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இறுகியது. நகத்தால் கிள்ளக் கிள்ளப் பொடிப்பொடியாகக் கொஞ்சம் வந்தது. ஆத்தா முகத்தில் உயிர் வந்தது.

அதற்குப் பிறகுதான் நல்லெண்ணெய். ஆத்தா கரண்டியில் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்ற, நான் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்தேன். என் விரல்தான் சின்ன விரல். கைக்குப் பிடிமானம் வர அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, வேரைப் பிடித்து, நுனிப் பக்கமாக உருவி உருவி எடுத்தேன். வெயில் முற்றத்தைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியது. ஆத்தா என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மெதுவாடி, அறுந்துராம, அறுந்துராம," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அடி வாங்கியதுகூட மறந்துவிட்டது. நான் எடுத்துக் காட்டிவிடுவேன், எடுத்தால் அப்பச்சி வந்துவிடுவார், வந்தால் எல்லாம் என்னால் என்று மனசுக்குள் பெரிய கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிக்கு நின்றுவிட்டது. எண்ணெய், மாவு, மண்ணெண்ணெய், சீயக்காய் எல்லாம் சேர்ந்து கல்லாகிப் போன சிக்கு.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. "வெளக்கு வைக்கையில பிள்ளை தலைவிரிகோலமாக் கெடக்கக் கூடாது. நான் அங்குட்டுப் போயி ஏத்திட்டு வாரேன், அதுக்குள்ள எடுத்துரு," என்று ஆத்தா சாமி அறைக்குப் போனாள்.

நான் இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். தங்கை என் கையைக் கடித்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான். சனியனே, உன் ஒருத்தி முடிக்காக நான் சாக வேண்டுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். சின்னாத்தாவின் வெற்றிலைப் பெட்டி திறந்து கிடந்தது. அதில் பாக்குவெட்டி.

கத்தரி படக் கூடாது என்றுதானே ஆத்தா வேண்டிக்கொண்டாள். பாக்குவெட்டியைப் பற்றி முருகனிடம் யாரும் பேசவில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அது எனக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்தது. சிக்கை வேரோடு பிடித்துப் பாக்குவெட்டியின் வாயில் கொடுத்து ஓர் அழுத்து அழுத்தினேன். முடி அறுபடுகிற சத்தம் பாக்கு வெட்டுகிற சத்தம் மாதிரியே இல்லை. கையில் வந்ததைப் பாவாடை முனையில் முடிந்துகொண்டேன்.

"வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஆத்தா வந்தாள்.

"வந்துருச்சு ஆத்தா."

அவள் தங்கையின் தலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "என் ராசாத்தி!" என்று இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விரல் அத்தனையும் சடசடவென்று முறிந்தது. எனக்கு ஆத்தா நெட்டி முறித்தது அந்த ஒரு தடவைதான். பின்கட்டுக்குப் போய், பாவாடையில் முடிந்திருந்ததைக் கிணற்றில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை ஆத்தா தங்கைக்குத் தலை வாரினாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீப்பு பின்கழுத்துக்கு மேலே போனதும் நின்றது. ஆத்தா அந்த இடத்தை விரலால் தடவினாள், மறுபடியும் தடவினாள். ஆனால் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறுக்கிப் பின்னி, அந்த இடத்தை மறைத்து மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டாள். பிறகு என்னை உட்காரவைத்துப் பின்னினாள். அன்றைக்குக் குட்டு விழவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. தெருமுனை வக்கீல் படித்துச் சொன்னார். அப்பச்சி போய்விட்டார். உடம்பைக்கூட நாங்கள் பார்க்கவில்லை, எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. இங்கே ஒரு படத்தை வைத்து எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது? நான் அல்லவா அவரை அறுத்தேன். பாக்குவெட்டியும் கத்தரிதான் என்று முருகனுக்குத் தெரியாமலா இருக்கும்!

பதினாறாம் நாள் கழிந்து ஆத்தா வெள்ளைச் சேலையில் தூணடியில் உட்கார்ந்து தங்கைக்குத் தலை வாரினாள். முடிந்ததும் நான் போய் வழக்கம்போல் அவள் முழங்காலுக்கு முன் உட்கார்ந்தேன். சீப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சீப்பைச் சின்னாத்தாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே பெரியவளுக்கு நீ பின்னி விட்ரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆத்தா என் தலையைத் தொடவே இல்லை. துக்கம், கை ஓடவில்லை, போகப் போகச் சரியாகும் என்று சின்னாத்தா சொன்னாள். நானும் நம்பிக்கொண்டேன். ஆனால் தங்கைக்கு மட்டும் தினமும் வாரினாள். வேண்டுதல் பலிக்காததால் அந்த முடியை இறக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. கல்யாண வீடுகளில் அதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் அந்தப் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் எங்கே குட்டை முடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவேன். அது எப்போதோ வளர்ந்து மற்றதோடு கலந்திருக்கும். பாவம் செய்தவளுக்கு அது தெரியுமா?

எட்டு வருஷம் போயிற்று. எனக்குச் சிங்கம்புணரியில் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். ஆண் பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கு முதல் தலைமுழுக்கு எண்ணெயைப் பெற்றவள் கையால் வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் மனசுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று காலை முக்காலியில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டுக் காத்திருந்தேன். குளிப்பாட்ட அமர்த்தியிருந்த அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். ஆத்தா வாசற்படியில் நின்றுகொண்டு, "நல்லா சூடு பறக்கத் தேச்சு விடு," என்று அவளிடம் சொன்னாள்.

எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று.

"ஏன் ஆத்தா, என் தலையைத் தொட்டா உங்க கை அழுகிப் போயிருமா?" என்று கத்தினேன். "எட்டு வருஷமாச்சு. நான் என்ன பாவம் செஞ்சேன்னு வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு அறுத்தியே, அது எனக்குத் தெரியும்டி."

அவிழ்த்துவிட்ட முடியை நான் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"மறுநாள் சீவையில பாத்தேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவே. நீ சொல்லிட்டா வேண்டுதல் முறிஞ்சுச்சுன்னு ஆயிரும். நான் பாக்காத மாதிரி இருந்தா சாமியும் பாக்காத மாதிரி இருந்துரும்னு, பூவை வச்சு மறைச்சேன். மூணாம் நாள் தந்தி வந்துருச்சு."

"என்னாலதான் போனாகன்னு நெனைச்சீகளா ஆத்தா?"

உள்ளே என் பிள்ளை சிணுங்கியது, தங்கை தொட்டிலை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"தந்தி வந்தது வெள்ளிக்கெழமை. அவுக போனது ஞாயித்துக்கெழமைன்னு அதுலயே போட்டிருந்துச்சு. நீ அறுத்தது செவ்வாக்கெழமை. எனக்கு அது தெரியாதாடி? அன்னைக்கே தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சூயிங்கத்தை வெள்ளிக்காகிதம் பிரித்து வாயில் போட்டுக்கொண்ட அன்று. ஐஸ் வைத்து, எண்ணெய் காய்ச்சி, ஒரு முடி அறுந்துவிடாமல் நான் உருவி உருவி எடுத்தபோது அவர் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இது எனக்கு எட்டு வருஷமாகத் தெரியாது. தந்தியை வக்கீல் ஆத்தாவுக்குத்தான் படித்துச் சொன்னார், பதினொரு வயதுப் பிள்ளைக்கு யார் கிழமை சொல்வார்கள்?

"தெரிஞ்சும் ஏன் ஆத்தா?" என்றேன். "நான்தான் கொன்னேன்னு நான் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையேடி," என்றாள் ஆத்தா.

பிறகு படியிறங்கி வந்தாள். அந்த அம்மாளின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு என் பின்னால் நின்றாள். நான் கண்ணை மூடி, தலையைக் குனிந்துகொண்டேன். பதினொரு வயதில் உட்கார்ந்த மாதிரியே முதுகை வளைத்து உட்கார்ந்தேன். ஒரு குட்டு விழுந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

என் தோளில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. பிறகு வரிசையாகச் சொட்டியது. கை மட்டும் இறங்கவில்லை.

"நீயே தேச்சுவிடு," என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, ஆத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மாள்தான் தேய்த்துவிட்டாள். அவள் கை நல்ல கைதான்.